ரோட்டர்டாமில் தயாராக இருந்த சரக்கு

நேயர்களுக்கு வணக்கம். கப்பலில் வரும் எண்ணெயையும் கரைத்தொட்டியில் நிற்கும் எண்ணெயையும் அளந்து, மாதிரி எடுத்து, சான்று எழுதிக் கொடுப்பது முப்பது ஆண்டுகளாக என் வேலை. சர்வேயர் என்பார்கள். அதில் நான் ஆசையாகச் செய்தது விமான எரிபொருள். இந்தியாவில் ஏடிஎஃப் என்கிறோம், உலகச் சந்தையில் ஜெட் ஏ-1. ரேஷன் கடையில் வாங்கிய மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய சொந்தம்தான். ஆனால் அது கைமாறும் முறை வேறு. அந்த முறை தெரியாததால் என் குடும்பத்திலேயே பணம் போயிருக்கிறது.

ஈரோட்டில் நூல் வியாபாரம் செய்கிற என் சித்தப்பா மகன் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் போன் செய்தான். "அண்ணா, ஒரு பேப்பர் அனுப்பியிருக்கேன், பாருங்க. நெதர்லாந்துல ரோட்டர்டாம் துறைமுகத்துல சரக்கு ரெடியா இருக்கு. வாங்குற ஆளும் இருக்காங்க. நடுவுல நாம நின்னாப் போதும், பீப்பாய்க்கு இவ்வளவுன்னு கமிஷன்."

பார்த்தேன். நாலு பக்கம். மேலே ஒரு சுத்திகரிப்பு ஆலையின் முத்திரை, கீழே இரண்டு கையெழுத்து. சரக்கின் பெயர் ஜேபி 54. மாதம் 20 லட்சம் பீப்பாய். விலை சந்தையைவிட வெகு குறைவு.

அந்த அளவை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பீப்பாய் 159 லிட்டர். 20 லட்சம் பீப்பாய் என்றால் ஏறக்குறைய 32 கோடி லிட்டர். 20,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரிகள் வரிசையில் நின்றால் 16,000 லாரி. 2023-24ல் இந்தியா முழுவதும் பறந்த விமானங்கள் குடித்தது சுமார் 82 லட்சம் டன். அந்த 32 கோடி லிட்டர் எடையில் சுமார் இரண்டரை லட்சம் டன். மாதத்துக்கு வகுத்தால், நாடு முழுவதும் ஒரு மாதம் செலவழிப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், என் தம்பியின் வாட்ஸ்அப்பில் வந்து நின்றிருக்கிறது.

அப்புறம் அந்தப் பெயர். ஜேபி-4, ஜேபி-5, ஜேபி-8 என்று அமெரிக்க ராணுவத்தில் எரிபொருள்கள் உண்டு. ஜேபி 54 என்று ஒன்று எந்தத் தர நிர்ணயத்திலும் இல்லை. ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் பக்கம் போகும் கொலோனியல் குழாய்வழியில் விமான மண்ணெண்ணெய்க்கு 54 என்று ஒரு எண் வழங்கும். அந்த 54ஐயும் ராணுவத்தின் ஜேபியையும் யாரோ ஒட்ட வைத்திருக்க வேண்டும். இல்லாத சரக்கு அது. இந்தப் பெயரைக் காகிதத்தில் பார்த்தால் அடுத்த வரியைப் படிக்க வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: ஜேபி 54.

சரி, நிஜமான விற்பனை எப்படி இருக்கும்? ஆலையில் ஒரு தொட்டி நிரம்பியதும் அதை மூடி, மேல், நடு, அடி என்று மாதிரி எடுத்து முழுச் சோதனை செய்வார்கள். விமானம் பறக்கும் உயரத்தில் வெளிக்காற்று மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போகும். அதனால் மைனஸ் 47 வரை எரிபொருளில் படிகம் கட்டக் கூடாது. 38 டிகிரிக்குக் கீழே அதன் ஆவி தீப்பற்றக் கூடாது. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்தத் தொட்டிச் சரக்குக்கு ஒரு பேட்ச் எண் கொடுத்து, தரச் சான்றிதழ் எழுதுவார்கள். அந்த எண்தான் அதன் பிறப்புச் சான்று. வழியில் வேறு தொட்டியில் கலந்து புது எண் வந்தாலும், இந்த எண் வரை பின்னோக்கித் தேடிப் போக முடியும்.

கப்பலில் ஏற்றும்போது என்னைப் போன்ற ஒருவர் கேட்கும் முதல் கேள்வி, இதற்கு முன் மூன்று நடை இந்தத் தொட்டியில் என்ன ஏற்றினீர்கள் என்பது. பயோடீசல் கலந்த டீசல் போயிருந்தால் அது தொட்டிச் சுவரிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். விமான எரிபொருளில் பயோடீசலுக்கு அனுமதி ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம், அவ்வளவுதான். இறக்கும்போது அடர்த்தியை மறுபடி பார்ப்போம். வெயிலில் எண்ணெய் விரியும். 15 டிகிரியில் 1,000 லிட்டராக இருப்பது நம் ஊர் 35 டிகிரியில் சுமார் 1,018 லிட்டராகிவிடும். அதனால் எல்லாக் கணக்கையும் 15 டிகிரிக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிடுவோம். அப்படியும் சான்றிதழில் உள்ள அடர்த்திக்கும் நாங்கள் பார்த்ததற்கும் கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சரக்கு அங்கேயே நிற்கும். ஒருமுறை நள்ளிரவில் அப்படி நிறுத்தினேன். கப்பல் காத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் காசு. எல்லோருக்கும் என்மேல் கோபம். மறுநாள் மதியம் ஒரு வால்வு சரியாக மூடாமல் பக்கத்துத் தொட்டி டீசல் கசிந்தது தெரிந்தது. அந்த எண்ணெயில் யாராவது பறந்திருப்பார்கள் என்பதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

தம்பியின் நாலு பக்கத்தில் பேட்ச் எண் இல்லை, அடர்த்தி இல்லை, கப்பல் பெயர் இல்லை. எண்ணெயைச் சோதிப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருந்ததெல்லாம் கமிஷன் பங்கீடு. விலையும் அப்படித்தான். நிஜ வியாபாரத்தில் பிளாட்ஸ் மாதிரியான நிறுவனம் அன்றாடம் வெளியிடும் விலையை ஒட்டித்தான் ஒப்பந்தம். பேரம் அதற்கு மேல் கீழ் ஓரிரு டாலருக்குள் நடக்கும். பணம் வங்கியின் கடன் உறுதிக் கடிதம் வழியாகப் போகும். பெருந்தள்ளுபடி கொடுக்க விற்பவருக்கு அவசியமே இல்லை, வாங்க ஆள் வரிசையில் நிற்கிறது.

"இதுல எண்ணெய் எங்கடா இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் சொன்னான், ரோட்டர்டாமில் தொட்டி வாடகை என்று தன் பங்குக்கு இரண்டு லட்சம் ஏற்கெனவே அனுப்பிவிட்டதாக. இந்த மோசடியின் மையமே அந்த வாடகைதான். சரக்கு தொட்டியில் கிடக்கிறது, வாடகை கட்டினால் திறந்து காட்டுவோம் என்பார்கள். கட்டினால் இன்னொரு கட்டணம் வரும். இல்லாத தொட்டிக் கம்பெனிகளின் பெயரில் இணையதளம்கூட வைத்திருப்பார்கள். ரோட்டர்டாம் துறைமுக நிர்வாகமே இதைப் பற்றி எச்சரிக்கிறது. தொட்டிக் கம்பெனியின் எண்ணை நீங்களாகத் தேடி எடுத்துக் கூப்பிடுங்கள், அவர்கள் கொடுத்த எண்ணில் வேண்டாம். அந்த இரண்டு லட்சம் திரும்பவில்லை.

வரியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்து வந்தேன், நேரம் மூன்று நிமிடம்கூட இல்லை. சுருக்கமாக ஒன்று. ஏடிஎஃப் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி மாறுகிறது. அதனால் வரி குறைந்த ஊரிலேயே கூடுதலாக நிரப்பிக்கொண்டு வருகிற விமானங்கள் உண்டு. அந்தக் கூடுதல் எடையைச் சுமப்பதற்கே இன்னும் கொஞ்சம் எரிபொருள் எரியும். மீதியை இன்னொரு நாள் அழைத்தால் வந்து சொல்கிறேன். வணக்கம்.