பாட்டியின் சர்வேசுரன்

நேயர்களுக்கு வணக்கம்.

என் அம்மாவைப் பெற்ற பாட்டி கத்தோலிக்கர். விளக்கு வைத்ததும் செபமாலையோடு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். “அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே” என்று தொடங்கினால் ஐம்பத்து மூன்று மணியும் முடியாமல் எழுந்திருக்க மாட்டார். ஆறு வயதில் எனக்கு அந்த ‘அர்ச்சியசிஷ்ட’ வாயில் நுழையாது. புனிதமான என்று பொருள். அதைச் சரியாகச் சொன்னால் ஒரு அச்சுவெல்லத் துண்டு கிடைக்கும்.

அப்பா வீடு சீர்திருத்தச் சபை, அதாவது புராட்டஸ்டண்ட். அப்பாவின் அம்மா, எங்கள் ஆச்சி, “தேவனே” என்றுதான் ஜெபிப்பார். ஒருநாள் பாட்டியிடம், “சர்வேசுரனும் தேவனும் அண்ணன் தம்பியா?” என்று கேட்டுவிட்டேன். மாலையை உருட்டுகிற விரல் நின்றது. “போய் உங்க ஆச்சிகிட்டயே கேளு” என்றார். கேட்டேன். ஆச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்க அம்மா பராபரன்னுல்ல சொல்லுவா” என்றார். இரண்டு பெயரோடு போன நான் மூன்றோடு திரும்பினேன். அன்று பிடித்த ஆர்வம் இன்னும் விடவில்லை.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 1578இல் கொல்லத்தில் வந்தது. பதினாறே பக்கம். ஆக்கியவர் போர்ச்சுக்கல்லிலிருந்து வந்த பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார். பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. தம்பிரான்! சுந்தரரைத் ‘தம்பிரான் தோழர்’ என்கிறோமே, அதே சொல். சைவர் நாவில் புழங்கிய ஒரு சொல், கிறிஸ்தவப் புத்தகத்தின் முகப்பில்.

அப்புறம் 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி. சமஸ்கிருதமும் தமிழும் படித்தவர். அவர் எழுத்தில் வேரூன்றிய சொல்தான் சருவேசுரன். சர்வம், ஈசுவரன்; எல்லாவற்றுக்கும் இறைவன். பாட்டியின் திண்ணைக்கு அது வந்து சேர முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சீர்திருத்தச் சபையார் வேறு வழியில் போனார்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியப் போதகர் சீகன்பால்கு, 1714-15இல் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். பின்னால் சென்னை வேப்பேரியில் இருந்து பைபிளை மறுபடி மொழிபெயர்த்தவர் இன்னொரு ஜெர்மானியப் போதகர், பெப்ரீசியுஸ். முழங்காலில் நின்று மொழிபெயர்த்தார் என்று சபையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறையும் கண்ட மனிதர். அவர் எடுத்துக்கொண்ட சொல் பராபரன்; எல்லாவற்றுக்கும் மேலானவர். தாயுமானவர் கண்ணிக்குக் கண்ணி ‘பராபரமே’ என்று உருகினாரே, அதன் உடன்பிறப்பு. சீர்திருத்தச் சபைகளில் ஒன்றான லுத்தரன் சபையார் வெகுகாலம் இந்த மொழிபெயர்ப்பை விடவில்லை. ஆச்சியின் அம்மா விடாததும் இதைத்தான்.

அப்படியிருக்க, தேவன் எப்படி வந்தார்? ஹென்றி பவர் தலைமையில் தயாராகி 1871இல் வந்த பைபிளில், “ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்” என்று இருக்கிறது. தேவன் என்றதும் நமக்கு இந்திரன் முதலான தேவர் கூட்டம் நினைவுக்கு வருகிறது. ஒரே கடவுளுக்கு அது பொருந்துமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் பத்துக் கட்டளையில் முதல் கட்டளையைச் சொல்லிப் பாருங்கள்: “என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்.” எபிரெயத்தில் கடவுளுக்கும் அந்த ‘வேறே தேவர்களுக்கும்’ ஏலோகிம் என்ற ஒரே சொல்தான். இப்போது, ‘வேறே சர்வேசுரர்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு நிற்கிறது. எல்லாருக்கும் ஈசுவரன் ஒருவர்தானே இருக்க முடியும்? வேறே பராபரர்கள் என்றும் சொல்ல வராது. தேவன் என்ற சொல் அந்த இடத்தில் தடுக்காமல் போகிறது. சருவேசுரன், பராபரன் என்ற சொற்களுக்கு உயரம் அதிகம். தேவன் இரண்டு பக்கமும் வளையும். மொழிபெயர்க்கிறவருக்கு அந்த வளைவு வேண்டியிருக்கிறது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

ஞானஸ்நானம் எப்படித் திருமுழுக்கு ஆயிற்று, சிரியாக் மொழியிலிருந்து சிலுவை எப்படி வந்தது என்றெல்லாம் குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். சரி, 1995இல் வந்த பைபிளின் பொது மொழிபெயர்ப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்தது. அதில் கடவுள் என்றே இருக்கிறது.

பாட்டி அதைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் காலத்திலேயே கோயிலில் செபம் மாறிவிட்டது. ஊரே “தூய மரியே, இறைவனின் தாயே” என்று சொல்லும். பாட்டி பழையதையே சொல்வார். பழையது கொஞ்சம் நீளம். எல்லாரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் இரண்டு சொல் பின்தங்கி வந்து சேரும்.

நன்றி, வணக்கம்.