24 பேரும் ஒரு கங்குச் சட்டியும்: கற்பனை உலகத்துல ஒரு பழங்குடி எப்படிப் பிறக்குது?

[திரை: சாம்பல் படிந்த மலைச்சரிவு. வரிசையாக இறங்கி வரும் ஆட்கள்.]

மொத்தம் 24 பேர். முதுகுப் பக்கம் எரிமலை இன்னும் உறுமிட்டு இருக்கு. எதிர்ல, இவங்கள்ல ஒருத்தர்கூடக் கால் வைக்காத பள்ளத்தாக்கு. வரிசையோட நடுவுல ஒரு கிழவி, ரெண்டு கையாலயும் ஒரு மண்சட்டியை ஏந்திட்டு வர்றா. உள்ள கங்கு. மேல சாம்பலைப் போட்டு மூடியிருக்கா. அணைஞ்சும் போயிடக்கூடாது, எரிஞ்சும் தீர்ந்துடக்கூடாது, அந்தப் பக்குவத்துல.

இது நான் உருவாக்குற குடி. பேர் இன்னும் வைக்கல. ஒரு கற்பனைப் பழங்குடி எப்படிப் பிறக்கும், முதல் நூறு வருஷத்துல எப்படி வளரும்னு இவங்களை வச்சே பார்த்துடலாம்.

கதை எழுதுறவங்களும் கேம் உருவாக்குறவங்களும் பெரும்பாலும் கொடியில ஆரம்பிக்கிறாங்க. என்ன நிறம், என்ன ஆயுதம், எந்தத் தெய்வம், தலைவன் யாரு. என்னைக் கேட்டா, முதல்ல தலையை எண்ணுங்க. தலைக்கணக்கு சரியா இருந்தா தெய்வமும் தலைவனும் அதுக்குள்ள இருந்தே முளைச்சு வருவாங்க.

[திரை: 24 புள்ளிகள், வயசுக்கு ஒரு நிறம்.]

பிள்ளை பெறுற வயசுல பெண்கள் 7 பேர். ஆண்கள் 8. சின்னப் பசங்க 7. வயசானவங்க 2. இந்தக் குடியோட எதிர்காலம் முழுசும் அந்த 7 பெண்கள் கையிலயும், அந்த ஏழு சின்னதுகள் பிழைச்சு வளர்றதுலயும்தான் இருக்கு. பிரசவத்துல ரெண்டு பேர் போயிட்டா கால் பங்குக்கு மேல போச்சு. அதனால இங்க மருத்துவச்சி தலைவனைவிடப் பெரிய ஆள். சட்டி ஏந்தி வந்தாளே, அவதான் மருத்துவச்சி. நான் ஆசைப்பட்டு அவளைப் பெரிய ஆளாக்கல, கணக்கு ஆக்குது.

[திரை: பசிபிக் பெருங்கடல். நடுவுல ஒரு சின்னத் தீவு.]

நிஜ உலகத்துலயே இப்படி ஒரு சமூகம் பிறந்திருக்கு. 1790-ல, பவுண்டிங்கிற பிரிட்டிஷ் கப்பல்ல கலகம் பண்ணின 9 மாலுமிகள் பிட்கெய்ர்ன் தீவுல இறங்கினாங்க. கூடவே டஹிட்டியில இருந்தும் அதைச் சுத்தின தீவுகள்ல இருந்தும் 6 ஆண்கள், 11 பெண்கள், ஒரு கைக்குழந்தை. கப்பலைக் கொளுத்திட்டாங்க, திரும்பிப் போக வழியே இல்ல. நிலத்தைப் பிரிச்சப்போ ஒன்பது மாலுமிகளுக்கு மட்டும்தான் பங்கு. தீவுக்கார ஆண்களை வேலைக்காரங்களா வச்சுக்கிட்டாங்க. 15 ஆண்களுக்கு 11 பெண்கள், அதுலயும் மாலுமிகள்தான் முந்திக்கிட்டாங்க. 1793-ல வெட்டுக்குத்து ஆரம்பிச்சுது. 1808-ல ஒரு அமெரிக்கக் கப்பல் அந்தப் பக்கம் வந்தப்போ, அன்னைக்கு இறங்கின ஆண்கள்ல உயிரோட இருந்தது ஒரே ஒருத்தர், ஜான் ஆடம்ஸ். ஆனா பெண்கள் இருந்தாங்க, ஒரு கூட்டம் பிள்ளைங்களும் இருந்தாங்க. 1856-ல இடம் பத்தாம நார்ஃபோக் தீவுக்குக் கிளம்பினப்போ அவங்க 190 பேருக்கு மேல.

இதை நான் பல தடவை திரும்பத் திரும்பப் படிச்சிருக்கேன். ஆண்கள் கிட்டத்தட்ட ஒழிஞ்சுபோயும் அந்தச் சமூகம் தழைச்சுதுன்னா அது அந்தப் பெண்களால. தொடக்கமே ரத்தக்களரியா போச்சுன்னா அது அந்தப் பாகப்பிரிவினையால. அதனால, உங்க குடி வந்து இறங்கின முதல் ராத்திரி யாருக்கு என்ன பங்குன்னு எழுதுங்க. யாரு வயிறெரிஞ்சு படுத்தாங்கன்னும் எழுதுங்க. அடுத்த மூணு தலைமுறைச் சண்டைக்கு அதுவே போதும்.

[திரை: ஏறிப் போகும் ரெண்டு கோடுகள்.]

அடுத்து வளர்ச்சி. வருஷத்துக்கு 1 சதவீதம் கூடினா, 24 பேர் நூறு வருஷத்துல 65 பேர். 3 சதவீதம்னா 460 பேர். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் பாருங்க!

வேட்டையாடித் திரியுற கூட்டம் மெதுவாத்தான் பெருகும். இடம் மாறும்போது தாய் ஒரு பிள்ளையைத்தான் இடுப்புல தூக்க முடியும். ஆப்பிரிக்காவோட கலஹாரிப் பாலைவனத்துல வேட்டையாடி வாழ்ந்த மக்கள்கிட்ட ரெண்டு பிரசவத்துக்கு நடுவுல சுமார் நாலு வருஷம் இடைவெளி இருந்துச்சு. ஒரே இடத்துல தங்கி, விளைச்சலும் கைகொடுத்தா கதையே வேற. வட அமெரிக்காவுல ஹட்டரைட்டுகள்னு ஒரு கிறிஸ்தவச் சமூகம், நிலம் நீச்சு எல்லாம் பொது, விவசாயம்தான் பிழைப்பு. 1880-ல அவங்க 443 பேர். 1950-ல 8,542 பேர். வெளியாட்கள் வந்து சேர்ந்தது ரொம்பக் குறைவு. வருஷத்துக்கு 4 சதவீதத்துக்கு மேல, அதாவது சுமார் 16 வருஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பு.

நம்ம ஆட்கள் முதல்ல மெதுவாத்தான் பெருகுவாங்க. புதுசா விழுந்த சாம்பல் மேய்ச்சலைக் கெடுத்துடும். 1783-ல ஐஸ்லாந்துல லாக்கி எரிமலை வெடிச்சப்போ அங்கே இருந்த கால்நடையில பாதிக்கு மேல செத்துப்போச்சு. ஆனா அதே சாம்பல் காலப்போக்குல மக்கி நல்ல விளைநிலமா மாறும். அதனால பேரப்பிள்ளைங்க காலத்துல இவங்க சரிவு ஏறிப் போய்ப் பயிர் வைப்பாங்க. துரத்தியடிச்ச மலை, இப்போ சோறு போடுது. தெய்வம் எங்கேன்னு தேடிட்டு இருந்தீங்கல்ல? அந்த மலைதான். பயமும் நன்றியும் ஒண்ணா இருக்கிற தெய்வம், கும்பிடும்போதே ஒரு கண்ணு வாசல்ல இருக்கும்.

[திரை: ஒரு குட்டிப் பவளத் தீவு, இரவு.]

சின்னக் கூட்டத்துல ஒருத்தரோட உடல்வாகு ஊருக்கே வந்து சேரும். மைக்ரோனேசியாவுல பிங்கெலாப்னு ஒரு தீவு. 18-ஆம் நூற்றாண்டு கடைசியில அடிச்ச ஒரு புயல்ல சுமார் 20 பேர்தான் பிழைச்சாங்க. அதுல ஒருத்தர் உடம்புல, நிறமே தெரியாத பார்வைக்கான மரபணு இருந்திருக்கு. உலகத்துல சுமார் 30,000 பேருக்கு ஒருத்தருக்கு வர்ற குறை, அந்த மக்கள்ல நூத்துக்குப் பல பேருக்கு இருக்கு. வெயில்ல அவங்களுக்குக் கண் கூசும், மங்கின வெளிச்சம்தான் தோது. கற்பனைக் குடிக்கு ஒரு தனி அடையாளம் வேணும்னா இப்படித்தான் கொடுக்கணும்னு எனக்குத் தோணுது. யாரோ ஒரு முன்னோர்கிட்ட இருந்து, கொஞ்சம் வலியோட.

பேர் வைக்க நீங்க மெனக்கெட வேண்டாம், பக்கத்துக் குடி வச்சுடும். மேலெல்லாம் சாம்பலோட வந்தவங்களை அவங்க 'சாம்பலர்'னு கூப்பிடுவாங்க. இவங்க தங்களை வெறுமனே 'ஆட்கள்'னு சொல்லிப்பாங்க. வடதுருவப் பக்கம் வாழுற இனூயிட் மக்களோட பேருக்கும் 'மக்கள்'னுதான் அர்த்தம்.

[திரை: புள்ளிகள் 150-ஐ நெருங்குது.]

ஒரு கட்டத்துல ஊர் பிளக்கும். மனுஷனால நிலையா உறவு வச்சுக்க முடிஞ்சது ஏறக்குறைய 150 பேரோடதான்னு ராபின் டன்பார்ங்கிற ஆய்வாளர் 1990-கள்ல சொன்னார். அந்த எண்ணை ஏத்துக்காத ஆய்வாளர்களும் உண்டு. ஆனா ஹட்டரைட்டுகள் நடைமுறையில அந்தச் சுமாருக்கு வந்ததும் பிரிஞ்சுடுறாங்க. அவங்க பிரியுற முறை என் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. குடும்பங்களை ரெண்டு பட்டியலாப் பிரிப்பாங்க. ரெண்டு பக்கமும் மூட்டை கட்டி வைப்பாங்க. அப்புறம் சீட்டு. யாரு போறது, யாரு இருக்கிறதுன்னு அது வரைக்கும் யாருக்கும் தெரியாது.

நம்ம குடியிலயும் அந்த ராத்திரி வருது. கிழவி இறந்து ரொம்ப வருஷமாச்சு, சட்டி மட்டும் இருக்கு. பழைய கிரேக்கர்கள் புது ஊர் அமைக்கக் கிளம்புறப்போ தாய் நகரத்துப் பொது அடுப்புல இருந்து நெருப்பு கொண்டுபோவாங்களாம். அதே மாதிரி இவங்களும் சட்டியில இருக்கிற கங்குகளை ரெண்டாப் பிரிக்கிறாங்க. ஒரு பாதி ஆத்துக்கு மேல போகுது, ஒரு பாதி இங்கயே தங்குது. பழைய சட்டி யாருக்குங்கிறதுல முதல் மனஸ்தாபம். போன வருஷம் வரைக்கும் ஒரே அடுப்புல சாப்பிட்டவங்க, இனிமே பொண்ணு கேட்டு ஆத்தைத் தாண்டி வருவாங்க.

[திரை: ரெண்டு ஊர், ரெண்டு தீ.]

இதுக்கு அப்புறம்தான் தொடக்கக் கதை பிறக்கும். கானாவோட வடக்குல கோஞ்சான்னு ஒரு அரசு. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல அதை நிறுவினவரைப் பத்தின கதையை எழுதி வச்சப்போ, அதுல அவருக்கு ஏழு மகன்கள், ஏழு பிரிவுக்கும் ஆளுக்கொருத்தர். நடுவுல ரெண்டு பிரிவு இல்லாமப் போச்சு. அறுபது வருஷம் கழிச்சு மறுபடி கேட்டப்போ அவருக்கு மகன்கள் அஞ்சே பேர். யாரும் பொய் சொல்லல. இன்னைக்கு யாரு இருக்காங்களோ அவங்களுக்கு ஏத்த மாதிரி நேத்தைய கதையும் மாறிடுது.

நம்ம கிழவியோட பிள்ளைங்க யாருன்னு கேளுங்க. ஆத்துக்கு மேல, மூத்த மகன் வழி நாங்கன்னு சொல்வாங்க. ஆத்துக்குக் கீழ, சட்டியைக் காட்டி, இளைய மகள் வழி நாங்கன்னு சொல்வாங்க.

[திரை: மறுபடி அந்த மலைச்சரிவு. சட்டியோட கிழவி.]

மலையிறங்கி வந்த அன்னைக்கு அவளுக்குப் பிள்ளைங்க இல்ல. ஊர் ரெண்டாகுறதுக்கு முன்னாடி, இந்தப் பள்ளத்தாக்குல முதல்ல பிறந்த குழந்தைங்களை எல்லாம் கையில வாங்கினது அவதான்.