தோற்கச் சொல்லும் இயந்திரம்

நண்பர்களே, வணக்கம்.

இன்று திரையிடப்போகும் 'சீக்வன்ஸ் பிரேக்', கிரஹாம் ஸ்கிப்பர் எழுதி இயக்கி 2017-இல் வந்த சுயாதீனப் படம். பழைய ஆர்கேட் இயந்திரங்களை, அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டிகளை, பழுதுபார்க்கும் இளைஞன் ஒருவன். அவன் வேலை பார்க்கும் கடையை மூடப்போகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மர்மமான சர்க்யூட் போர்டு அவன் கைக்கு வருகிறது. அதைப் பொருத்தி ஆடத் தொடங்குகிறான். அப்புறம் பொத்தானும் ஜாய்ஸ்டிக்கும் சதையாய்க் குழைகின்றன. கதையை இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

சின்னப் படம்தானே என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இதிலுள்ள பயம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது அல்ல. அது ஆர்கேட் இயந்திரத்துக்குள்ளேயே இருந்தது.

யோசித்துப் பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் வந்த ஆர்கேட் விளையாட்டுகள் பலவற்றில் வெற்றி என்ற முடிவே கிடையாது. போகப்போகக் கடினமாகும், நீங்கள் தோற்கும்வரை. தோற்றால்தானே அடுத்த காசு விழும்! 1980-இல் வந்த பாக்-மேனையே எடுத்துக்கொள்வோம். துரத்தும் பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளையெல்லாம் தின்று தீர்த்தால் ஒரு கட்டம் முடியும். எத்தனையாவது கட்டம் என்ற கணக்கை அது ஒரே ஒரு பைட்டில், கணினி நினைவகத்தின் ஒரு சிறு அலகில், வைத்திருக்கிறது. ஒரு பைட்டில் 255-க்கு மேல் எண்ண முடியாது. எல்லாப் பேய்களையும் ஏய்த்து 256-ஆவது கட்டம் வரை போய்விட்டால், திரையின் வலப்பாதி எழுத்தும் குறியுமாகச் சிதறிக் கிடக்கும். தின்ன வேண்டிய புள்ளிகள் போதாது. கட்டத்தை முடிக்கவே வழியில்லை. அத்தனை திறமையாக ஆடியவனுக்குக் கிடைக்கும் பரிசு அது. யாரும் திட்டமிட்டு எழுதாத திகில் காட்சி.

பாலிபியஸ் என்ற ஆர்கேட் விளையாட்டைப் பற்றிய கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1981-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் அப்படி ஓர் இயந்திரம் இருந்ததாம். ஆடியவர்களுக்கு நினைவு தப்பியதாம், கெட்ட கனவு வந்ததாம். கறுப்புக் கோட்டு ஆட்கள் வந்து தகவல் எடுத்துப் போனார்களாம். அது இருந்ததற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. இருந்தும் கதை ஓயவில்லை. கை வலித்தும் கண் எரிந்தும் விட்டு நகர முடியாமல் நின்றவர்களுக்கு அதை நம்புவது சுலபம். ஸ்கிப்பரின் படம் அந்த ஈர்ப்பைக் காமத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறது. அதுதான் இந்தப் படத்தின் துணிச்சல் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒரு குறை உண்டு. நாயகி டெஸ்ஸுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். சரி, படத்தைப் பாருங்கள். நான் சொன்னது தப்பென்று பட்டால் முடிந்ததும் வந்து வாதிடுங்கள்.