திண்ணைக்குக் கம்பி போடாதீர்கள்

விழாத் தலைவர் அவர்களே, தம் வீட்டு வளவையே நமக்குத் திறந்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கந்தரப்பமும் காபியும் கொடுத்து அமர வைத்திருக்கும் ஆச்சி அவர்களே, தேவகோட்டையிலிருந்தும் கண்டனூரிலிருந்தும் வெயிலென்று பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே, மாணவிகளை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்ட கொத்தனார் பெருமக்களே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம். கொத்தனார்கள் தயவுசெய்து முன்னால் வர வேண்டும். இன்றைய பேச்சில் பாதி உங்களைப் பற்றியது.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஓய்வு’. உடம்புக்கு ஓய்வு, வேலைக்கு ஓய்வு, மனத்துக்கு ஓய்வு என்று மூன்றாகப் பேச நினைக்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து நம் பெரியவர்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்: பதறாத காரியம் சிதறாது.

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சூளையே கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சை இறக்கி, அறை அறையாகச் சாயக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கும்போது கை ஆடினால் சிவப்பு மஞ்சளுக்குள் போய்விடும். அதன்மேல் ஈரத்தை உறிஞ்சச் சிமெண்டும் மணலும் உலர்கலவையாகத் தூவி, பிறகு சாந்து போட்டு அழுத்தி மட்டம் செய்கிறார்கள். இவ்வளவும் சில நிமிட வேலை. அதற்குப் பிறகு வேலை செய்வது மனிதன் இல்லை, நேரம். கல் நிழலில் இறுக வேண்டும், தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊற வேண்டும். சிமெண்ட் காய்ந்து இறுகுகிற பொருள் அல்ல. தண்ணீரை வாங்கித்தான் இறுகும்.

கல்யாண வீட்டுக்காரர் ஒருவரைப் பற்றி இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நாள்தான். பட்டறைக்காரர், “அண்ணே, இன்னும் ஊறணும்” என்றார். “ஊறினது போதும், ஏத்துங்க” என்றார் இவர். ஏற்றிய வண்டியிலேயே பாதிக் கல்லுக்கு முனை உதிர்ந்தது. மீதியைப் பதித்தார்கள். இடுக்கில் வழிந்த சிமெண்ட் கறையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து எடுக்கப் பொறுமை இல்லை, ஆசிட்டை ஊற்றிக் கழுவினார்கள். ஆசிட் கறையை மட்டுமா தின்னும்? கல்லின் மேல்தோலும் சிமெண்ட்தானே! கண்ணாடி கொடுத்த வழவழப்பு போய், தாமரைப் பூ சுண்ணாம்பு பூத்தது போல வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர்கள் கால் வைத்தது ஜமுக்காளத்தின் மேல். அடியில் இருந்த தரையை யாருக்கும் காட்ட முடியவில்லை. அந்தக் கல்லுக்கு வேண்டியிருந்தது தண்ணீருக்குள் சில நாள் ஓய்வு, அவ்வளவுதான். பதறாத காரியம் சிதறாது.

உடம்பும் அப்படித்தான். மதியம் 1 மணியிலிருந்து 3 மணிக்குள் வரும் அசதி சோற்றால் மட்டும் வருவதில்லை. உடம்பின் கடிகாரமே அந்த நேரத்தில் தணிகிறது. அப்போது 20 நிமிடம் கண்ணயர்ந்தால் தெளிவு வரும். அரை மணியைத் தாண்டி ஆழ்ந்து தூங்கிவிட்டால் எழும்போது தலை கனக்கும். 4 மணிக்கு மேல் படுத்தால் இரவுத் தூக்கம் கெடும்.

வேலையைப் பற்றி ஒன்று. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 7,45,000 பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்குச் சொல்லின. அதே 2021-இல்தான் நம் மாநிலம் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு முக்காலி கொடுப்பது தர்மம் அல்ல, சட்டம்.

மூன்றாவது மனத்துக்கு ஓய்வு. முக்காலி என்றதும் எனக்கு அந்த ஓய்வைக் கொடுக்கும் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது. வழிப்போக்கன் கேட்காமலே உட்கார இந்த மண் கட்டிவைத்த முக்காலி அது. இன்று தெருவுக்குத் தெரு அதற்குக் கம்பி போட்டு அடைக்கிறோம். வீட்டார் வெளியூரில் இருக்கிறார்கள், இரவில் யார் யாரோ குடித்துவிட்டு வந்து படுக்கிறார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். கஷ்டம் உண்மைதான். ஆனால் வீட்டைக் காப்பது தேக்கு நிலைக்கதவு. திண்ணை அதற்கு வெளியே இருக்கிறது. ஒரு விளக்கைப் போடுங்கள், போதும்.

புதுவீடு கட்டுகிறவர்கள் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். உயரம் ஒன்றரை அடி. படுக்க வேண்டுமானால் அகலம் இரண்டரை அடி, நீளம் ஆறரை. ஒரு கோடியில் தலைக்கு 4 அங்குலம் சாய்வாக ஏற்றுங்கள். தெருப்பக்கம் அரை அங்குலம் வாட்டம் விடாவிட்டால் சாரல் நீர் சுவரோரம் தங்கி ஓதம் ஏறும். மேற்குப் பார்த்த திண்ணைக்குக் கறுப்பு கிரானைட் வேண்டாம். வெயிலை வாங்கி வைத்திருந்து இரவில் கக்கும். சிமெண்டில் ரெட் ஆக்சைடு என்ற சிவப்புச் சாயம் கலந்து பூசினால் ஏழு நாள் ஈரச்சாக்கு மூடியிருக்க வேண்டும். மூன்றாம் நாளே சாக்கை எடுத்தால் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். இங்கேயும் அதே சொல்தான்: பதறாத காரியம் சிதறாது.

கம்பியை எடுக்கச் சம்மதிக்கும் வீட்டார் எழுத முகப்பில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். அறுக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். தூணுக்குள் அடிக்கட்டையை விட்டுவிடாதீர்கள். அது துருப்பிடித்து வீங்கி, நூறு வருஷச் சுண்ணாம்புப் பூச்சையே பிளந்துவிடும். கொத்தனாரை வைத்து முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டு, சிமெண்டால் இல்லை, சுண்ணாம்புச் சாந்தாலேயே அடையுங்கள். அது காய்கிற வரைக்கும் மேலே வெள்ளை அடிக்க வேண்டாம்.