பாலைவனத்தில் வீடு வாங்கும்போது முதல் கேள்வி

(காட்சி: மண் சாலை, இருபுறமும் சகுவாரோ கள்ளி. தண்ணீர் லாரி ஒன்று புழுதி கிளப்பியபடி வருகிறது.)

வணக்கம். அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எத்தனை பெட்ரூம், பள்ளிக்கூடம் எப்படி, நீச்சல்குளம் உண்டா என்றுதான். நான் முதலில் கேட்கச் சொல்வது இது: இந்த வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஃபீனிக்ஸை ஒட்டிய ஸ்காட்ஸ்டேல் நகர எல்லைக்கு வெளியே ரியோ வெர்டே ஃபூட்ஹில்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. கண்ணெதிரே மலை, குதிரை வளர்க்க இடம். சில வீடுகளில் போர்வெல் உண்டு. ஆனால் சுமார் 500 வீடுகளுக்கு லாரித் தண்ணீர்தான். 2022 வரை அந்த லாரிகள் ஸ்காட்ஸ்டேல் நகரின் குழாயில் நிரப்பிக்கொண்டு வந்தன.

ஸ்காட்ஸ்டேலுக்குத் தண்ணீர் தரும் கொலராடோ ஆற்றில் நீர் வற்றிக்கொண்டே வர, 2021 ஆகஸ்டில் மத்திய அரசு வரலாற்றிலேயே முதல்முறையாகப் பற்றாக்குறை அறிவித்தது. அதைக் காட்டி, 2023 ஜனவரி 1 முதல் அந்த லாரிகளுக்குத் தண்ணீர் தருவதை ஸ்காட்ஸ்டேல் நிறுத்திவிட்டது. லாரிகள் தொலைவில் உள்ள ஊர்களுக்கு ஓடின, கட்டணம் எகிறியது. சிலர் காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள், மழைநீரைப் பிடித்து வைத்துக் கழிவறைக்கு ஊற்றினார்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீட்டில் இந்த நிலைமை! சில மாதம் கழித்து மாநில அரசு தனிச் சட்டம் போட்டுத்தான் வழி பிறந்தது.

(காட்சி: ஒரு மனை ஐந்தாகவும், அதில் ஒன்று மறுபடி ஐந்தாகவும் பிரியும் வரைபடம்.)

இது எப்படி நடந்தது? அரிசோனாவில் 1980லேயே நிலத்தடி நீர்ச் சட்டம் வந்துவிட்டது. ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் ஆறு மனைக்கு மேல் பிரித்து விற்றால், 100 வருடத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஆறு மனையும் அதில் சேர்த்தி. ஐந்தோடு நிறுத்திக்கொண்டால் வேண்டாம். இந்தச் சந்துக்குள் புகுந்து, ஐந்து ஐந்தாகப் பிரித்தே ஓர் ஊர் வளர்ந்துவிட்டது. என்னைக் கேட்டால், இந்த ஓட்டையை எப்போதோ அடைத்திருக்க வேண்டும்.

நகராட்சி எல்லைக்கு வெளியே இப்படிப் பிரித்த மனையை விற்பவர், கைமாறுவதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே ஓர் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். சாலை யார் பராமரிப்பு, தண்ணீர் எப்படி வருகிறது எல்லாம் அதில் இருக்கும். கையில் கிடைத்த பிறகு ஐந்து நாள் வரை வாங்குபவர் பின்வாங்கலாம். கையெழுத்துப் போடும் அவசரத்தில் அதைப் புரட்டிவிட்டுப் போகாதீர்கள், உட்கார்ந்து படியுங்கள்.

சரி, நகரத்துக்குள் குழாய்த் தண்ணீர் உள்ள வீடு என்றால்? அப்புறம் வெயில்தான். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸ், தொட்டது அல்லது தாண்டியது. அந்த வெயிலில் ஏசி நின்றால் உயிருக்கே ஆபத்து. வெளியே இருக்கும் ஏசி பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எந்த வருடம் செய்தது என்று பாருங்கள். கூரையில் ஓடு பளபளவென்று இருக்கும். மழையைத் தடுப்பதோ அதன் அடியில் விரித்த தாள். வெயிலில் அது இற்றுப்போகும். ஓட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

(காட்சி: இருட்டில் புற ஊதா டார்ச். சுவரோரம் ஒரு தேள் பச்சையாக மின்னுகிறது.)

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் அங்கே வழக்கமான ஒப்பந்தப்படி பத்து நாள் அவகாசம் உண்டு. பகலில் மட்டும் போகாமல், அனுமதி வாங்கி ஒரு நாள் இருட்டியபின் புற ஊதா டார்ச்சோடு காம்பவுண்டைச் சுற்றி வாருங்கள், தேள் இருந்தால் அந்த ஒளியில் மின்னும்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே விற்பவர் நிரப்பித் தரும் படிவத்தில் தண்ணீர், கூரை ஒழுகல், தேள் வரை கேள்வி இருக்கிறது. தெரிந்ததை மறைத்தால் விற்ற பிறகும் வழக்கு துரத்தும். லாரித் தண்ணீர் வீடு என்றால் கடந்த ஒரு வருடத்து லாரி பில்களை எடுத்து, படிவத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.