வயிற்று வலிக்கு எந்த ஸ்கேன்?

நேயர்களுக்கு வணக்கம். ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. "டாக்டர், சி.டி.யை விட எம்.ஆர்.ஐ. பெரிய ஸ்கேன்தானே, நேரா அதையே எடுத்துடலாமா?" இந்தக் கேள்வியை அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். பெரிய ஸ்கேன், சின்ன ஸ்கேன் என்றெல்லாம் எதுவும் கிடையாது. வயிற்றுக்குள் எதைத் தேடுகிறோம் என்பதை வைத்துத்தான் எந்த ஸ்கேன் என்று முடிவு செய்கிறோம்.

சி.டி. என்பது எக்ஸ்ரேதான். எக்ஸ்ரே குழாய் உடம்பைச் சுற்றிச் சுழல, கிடைக்கிற அளவுகளைக் கம்ப்யூட்டர் சேர்த்துக் குறுக்குவெட்டுப் படமாக்கித் தருகிறது. 1971இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் முதல் நோயாளியைப் படம் எடுத்தபோது ஒரு வெட்டுக்கே சில நிமிடங்கள் ஆயின. இன்று முழு வயிறும் ஒரு தடவை மூச்சை அடக்குவதற்குள் முடிந்துவிடுகிறது. அதனால்தான் திடீரென்று வலி வந்து துடிப்பவருக்குப் பெரும்பாலும் சி.டி. எடுக்கிறோம். குடல்வால் வீங்கினால் படத்தில் எப்படித் தெரியும் தெரியுமா? வயிற்றுக் கொழுப்பு கருமையாக இருக்கும். வீங்கிய குடல்வாலைச் சுற்றி மட்டும் அந்தக் கருமைக்குள் புகை படிந்த மாதிரி சாம்பல் கோடுகள் ஓடும். குடல்வால் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, கூடவே இந்தப் புகையும் இருந்தால் எங்களுக்குச் சந்தேகம் வலுத்துவிடும். குடலில் ஓட்டை விழுந்திருந்தால் கல்லீரலுக்கு முன்னால் மிளகளவு காற்றுக் குமிழ்கூடக் கண்ணில் பட்டுவிடும். சிறுநீரகக் கல்லோ, ஊசி மருந்து எதுவும் இல்லாமலேயே பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும்.

ஆனால் இதே சி.டி. பித்தக் கல்லில் ஏமாற்றிவிடும். பல கற்களின் அடர்த்தி பித்தநீரின் அடர்த்தியை ஒட்டியே இருப்பதால் கல் படத்தில் கரைந்துபோகும். பித்தப்பைக்கு முதலில் அல்ட்ராசவுண்ட்தான். கல் நழுவிப் பித்தக்குழாயில் போய் அடைத்துக்கொண்டதா என்று பார்க்க, எக்ஸ்ரே இல்லாமல் காந்தத்தைக் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. இருக்கிறது. அந்தப் படத்தில் பித்தநீர் கிளைவிட்ட வெள்ளை மரம் மாதிரி நிற்கும், அடிமரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தால் பெரும்பாலும் அதுதான் கல்.

அப்புறம் கல்லீரல் கட்டி. ரிப்போர்ட்டில் 'கட்டி' என்ற சொல்லைப் பார்த்ததுமே பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ரத்தத்தில் கலந்து படத்தில் பளிச்சென்று தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி சுமார் 30 வினாடியில் ஒரு படம், 70 வினாடியில் ஒரு படம், சில நிமிடம் கழித்து இன்னொன்று என்று எடுக்கிறோம். மருந்து கட்டியின் விளிம்பிலிருந்து திட்டுத் திட்டாக உள்நோக்கி மெல்ல நிரம்பினால் பெரும்பாலும் ரத்தக்குழாய் முடிச்சுதான், பயமில்லை. சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிய நோய் உள்ளவருக்குக் கட்டி முதலில் மின்னிப் பிறகு சுற்றியுள்ள கல்லீரலை விடக் கருத்துப்போனால் புற்றுநோயை நினைக்க வேண்டும். ஒரே ஒரு படம் மட்டும் எடுத்திருந்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

இதனால்தான் ஸ்கேன் சீட்டில் வெறும் 'வயிற்று வலி' என்று எழுதி வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அப்படிச் சீட்டோடு வந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து பேசினேன். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் வலி வருகிறது, அதற்குப் பயந்தே சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன், உடம்பும் இளைத்துவிட்டது என்றார். சரி என்று, வழக்கமாக எடுப்பதோடு நிறுத்தாமல் தமனிகள் தெளிவாகத் தெரிகிற நேரத்திலும் ஒரு படம் எடுத்தோம். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி, அது கிளம்புகிற இடத்திலேயே நூலாகச் சுருங்கிக் கிடந்தது.

கதிர்வீச்சைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு வயிற்று சி.டி.யில் சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட், அதாவது இயற்கையிலிருந்தே நமக்குச் சில வருடங்களில் சேர்கிற அளவு. தேவைப்படும்போது இதற்காகத் தயங்க வேண்டாம், ஆனால் சும்மா திரும்பத் திரும்ப எடுக்கவும் வேண்டாம். கர்ப்பிணி என்றால் முதலில் அல்ட்ராசவுண்ட், அதில் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. சிறுநீரகக் கோளாறோ, மருந்து ஒவ்வாமையோ, உடம்பில் பேஸ்மேக்கரோ இருந்தால் உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பழைய படங்களையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். கல்லீரலில் இருக்கும் ஒரு சென்டிமீட்டர் புள்ளி மூன்று வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே அளவில் இருந்தால், பெரும்பாலும் அன்றைக்கே நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பழைய படம் வீட்டு அலமாரியில் இருந்தால், அதே புள்ளிக்காக இன்னொரு ஸ்கேனுக்கு எழுத வேண்டியிருக்கும்.