பால் பாக்கெட்டில் பவளத்திட்டு

நண்பர்களே,

பிளாஸ்டிக் குப்பையில் கலை என்றதும் பாட்டிலை வெட்டிப் பூ ஒட்டுவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் சொல்லவந்தது பின்னல் வேலை. லாட்வியாவில் பிறந்த கணித அறிஞர் டாய்னா டைமினா 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஓரம் அலையலையாகச் சுருளும் ஹைப்பர்போலிக் தளத்தைக் குரோஷே எனும் கொக்கி ஊசியால் பின்னிக் காட்டினார். பவளங்களிலும் அந்தச் சுருள் உண்டு. சின்ன இடத்தில் நிறைய பரப்பு கிடைக்கும். 2005-இல் லாஸ் ஏஞ்சலீஸில் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் அந்த முறையில் பவளத்திட்டையே பின்னத் தொடங்கினார்கள். அதில் ஒரு பகுதி பிளாஸ்டிக் குப்பையாலேயே ஆனது.

நம் தமிழ்நாட்டில் கேரி பேக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. பால் பாக்கெட்டுக்கு விலக்கு இருப்பதால் அதுதான் கைக்குக் கிடைக்கும். பாலை ஊற்றிய கையோடு கழுவிவிடுங்கள். கொழுப்பு காய்ந்துவிட்டால் சோப்பு போட்டாலும் வாடை போகாது. காய வைப்பது நிழலில். மேலும் கீழும் ஒட்டியிருக்கும் விளிம்பை வெட்டிவிட்டால் குழாய் மாதிரி வரும். அதை 2 செ.மீ. அகல வளையங்களாக நறுக்குங்கள். கத்தரியை ஒரே வீச்சில் ஓட்ட வேண்டும். விட்டுவிட்டு வெட்டினால் ஓரத்தில் பிசிறு விழும். பின்னும்போது கிழிசல் அங்கேதான் தொடங்கும்.

வளையங்களைக் கோத்து நீளமான நூலாக்க முடிச்சு போடாதீர்கள், வழுக்கும். இரண்டு வளையங்களின் நுனியை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலதன் வாலைக் கீழதன் அடியில் விட்டு மேலே கொண்டுவந்து, தன் வாய்க்குள்ளேயே நுழைத்து மெதுவாக இழுங்கள். வெடுக்கென இழுத்தால் அந்த இடம் வெளுத்து மெலியும். நீண்ட பிளாஸ்டிக் சுருங்காது, அடுத்து அறுவதுதான். ஊசி 6 அல்லது 7 மி.மீ. இருக்கட்டும். இறுக்கிப் பின்னும் பழக்கமுள்ளவர்கள் இன்னும் பெரிதாக எடுக்கலாம்.

வடிவம் முழுக்கக் கணக்குதான். பின்னலில் ஊசி போடும் ஒவ்வொரு தையலும் ஒரு கண். 12 கண்ணில் தொடங்கி, மூன்று கண்ணுக்கு ஒரு கண் கூட்டிக்கொண்டே போனால் எட்டாவது வரிசை முடிவில் ஏறக்குறைய 120 கண். கண்ணுக்குக் கண் கூட்டினால் அதே இடத்தில் 3,072! அழகு அதில்தான் இருக்கிறது என்பார்கள். ஆனால் மூன்றாவது நான்காவது வரிசையிலேயே ஊசி நுழைய இடமிருக்காது. பிளாஸ்டிக் நூல் கம்பளி போல நசுங்கிக் கொடுக்காது. மூன்றுக்கு ஒன்றோ, ஐந்துக்கு ஒன்றோ போதும்.

பின்னிய துண்டுகளை நிறுத்தக் கோழி வலையில் மேடு செய்து, கட்டுக்கம்பியால் கட்டுங்கள். பசையை நம்ப வேண்டாம், பாலித்தீனில் அது பிடிக்காது. நுனியை நெருப்பில் உருக்கி ஒட்டுகிற யோசனையும் வேண்டாம். குப்பையில் பிவிசி வகைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று கலந்திருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும். மிஞ்சிய நறுக்குகளை உள்ளே அடைத்துவிடலாம்.

பூங்காவிலும் கடற்கரையிலும் இதை வைக்கக் கேட்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் பாலித்தீன் மொரமொரப்பாகி உதிரும். குப்பையைக் காட்டச் செய்த சிற்பமே நுண்பிளாஸ்டிக்காக மண்ணில் கலக்கும். கூரைக்குக் கீழே, ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை ஓரத்தை விரலால் மடக்கிப் பாருங்கள். விரிசல் விட்டால் அந்தத் துண்டைக் கழற்றி வேறு பின்னி வைக்க வேண்டியதுதான்.